ஹார்மோன் கருவியை எடுத்த பிறகு உடம்பில் என்ன நடக்கும்?

கர்ப்பப்பையில் வைத்திருக்கும் ஹார்மோன் கருவியை எடுக்க நாள் பார்த்துவிட்ட பெண் முதலில் கேட்பது, வலிக்குமா என்று. அடுத்தது, தீட்டு எப்போது திரும்ப வரும். மூன்றாவது, உடனே குழந்தை நிற்குமா. மூன்றும் நியாயமான கேள்விகள், மூன்றுக்கும் தெளிவான பதில் உண்டு. ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றிருக்கிறது. இதை எதற்காகப் போட்டோம்? அந்தக் காரணம் இப்போதும் இருக்கிறதா? எடுத்த பிறகு வரும் மாதங்கள் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் பெண்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே இந்தக் கருவியோடு இருப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போட்டவர்கள் அல்ல. அதிக ரத்தப்போக்கு தாங்காமல் காரைக்குடிக்கோ மதுரைக்கோ போய்த் தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. கணவரோடு சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தபோது கருத்தடைக்காக அங்கேயே போட்டுக்கொண்டு, ஊர் திரும்பிய பிறகு எடுக்க நினைப்பவர்கள் உண்டு. “பிரசவத்தப்ப பெரியாஸ்பத்திரியில ஏதோ போட்டு விட்டாங்க, அது என்னன்னு தெரியாது” என்பவர்களும் உண்டு. கடைசியாகச் சொன்னவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

உள்ளே இருப்பது எது?

அரசு மருத்துவமனையில் பிரசவத்தோடு போட்டதென்றால் அது அநேகமாகக் காப்பர்-டி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்த கையோடு காப்பர்-டி பொருத்துவது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதில் ஹார்மோன் கிடையாது, செம்பு மட்டும்தான். பத்தாண்டுக்கான 380ஏ, ஐந்தாண்டுக்கான 375 என்று அதில் இரண்டு வகை.

ஹார்மோன் கருவியும் பார்வைக்கு அதே ‘டி’ வடிவம்தான். நெட்டும் குறுக்கும் 32 மில்லிமீட்டர். செம்புக் கம்பி இருக்க வேண்டிய தண்டில் ஓர் உறை இருக்கும். அதற்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் 52 மில்லிகிராம். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் கசியும், வருடம் போகப் போக அந்த அளவு குறையும். பின்லாந்து மருத்துவர் தப்பானி லுக்கைனனின் நெடுநாள் ஆராய்ச்சியில் பிறந்த இந்தக் கருவி, 1990-ல் அந்த நாட்டில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. நம் பக்கம் ‘மிரீனா’ என்ற பெயர்தான் பரவலாகத் தெரியும். எமிலி, எலோய்ரா என்ற பெயர்களில் இந்தியத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

எது உள்ளே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஏன் அவசியம் என்றால், எடுத்த பிறகு இரண்டும் நேரெதிராக நடக்கும். காப்பர்-டி எடுத்தவருக்குத் தீட்டு பெரும்பாலும் முன்பைவிடக் குறையும். ஹார்மோன் கருவி எடுத்தவருக்குக் கூடும். “எனக்கு எடுத்ததும் நல்லா ஆயிருச்சு” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால், அவர் எடுத்தது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். போட்டபோது கொடுத்த அட்டையில் கருவியின் பெயரும் தேதியும் இருக்கும். வெளிநாட்டில் போட்டவர்கள் அந்த அட்டையைக் கட்டாயம் தேடி எடுத்து வையுங்கள். மிரீனாவைவிடக் குறைந்த அளவு ஹார்மோன் உள்ள, மூன்றாண்டு ஐந்தாண்டு மட்டுமே உழைக்கும் சிறிய கருவிகளும் அங்கே புழக்கத்தில் இருக்கின்றன. அட்டை தொலைந்திருந்தால் போட்ட மருத்துவமனையின் பதிவேட்டில் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் ஸ்கேனில் மருத்துவருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வராத தீட்டு எங்கே போனது?

இந்தக் கருவியைப் பற்றிய பயங்களில் மிகப் பழையது, மிக ஆழமானது இதுதான். மூன்று நான்கு வருடமாகத் தீட்டே வராமலோ, சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தோ இருந்த பெண்ணுக்கு, அந்த ரத்தமெல்லாம் உள்ளேயே கெட்டுத் தேங்கிக் கிடக்கிறது, எடுத்ததும் மொத்தமாகக் கொட்டப்போகிறது என்ற பயம். வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்வார்கள்.

அப்படி எதுவும் தேங்கவில்லை. கர்ப்பப்பையின் உட்புறத்தில் மாதாமாதம் ஒரு மெல்லிய சதைப்படலம் தடித்து வளர்கிறது. கரு தங்காத மாதத்தில் அது உதிர்ந்து ரத்தத்தோடு வெளியே வருகிறது. அதுதான் தீட்டு. ஹார்மோன் கருவி அந்தப் படலத்தை வளரவே விடாமல் மெல்லியதாக வைத்திருக்கிறது. வளராதது உதிராது, உதிராததால் ரத்தமும் இல்லை. போட்டு ஒரு வருடம் ஆகும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தீட்டு அறவே நின்றிருக்கும். மற்றவர்களுக்கும் ரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்திருக்கும். மாதாமாதம் அந்த ரத்தத்தை இழக்காமல் இருந்தது நல்லதுதான். இரும்புச்சத்து மிஞ்சியது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அந்த நிலையில் இது சின்ன லாபம் இல்லை.

ஆகவே எடுத்த பிறகு ‘கழித்துவிட’ எதுவும் இல்லை. எள்ளுருண்டை சாப்பிடுங்கள், அது நல்ல உணவு. ஆனால் தீட்டை வரவழைக்கிறேன் என்று கருஞ்சீரகக் கஷாயம் போன்றவற்றைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். தீட்டு வராததற்குக் காரணம் கர்ப்பமாகவும் இருக்கலாம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் இருக்காது.

கருவி செய்யும் இன்னொரு வேலை, கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவை மேலே ஏறவிடாமல் தடுப்பது. ஆனால் கருமுட்டை உண்டாவதை இது பெரும்பாலான பெண்களிடம் நிறுத்துவதில்லை. தீட்டு வராத மாதங்களிலும் முட்டை வெளிவந்துகொண்டேதான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கர்ப்பத்தைப் பற்றிப் பேசும்போது இதுவே முக்கியமாகிறது.

எடுக்கும் நாள்

மாதத்தில் எந்த நாளிலும் எடுக்கலாம், தீட்டு நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்கள், எடுப்பதற்கு முந்தைய ஏழு நாட்களுக்கு உறவைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஆணுறை பயன்படுத்த வேண்டும். விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உறவு, புதன்கிழமை கருவியை எடுத்தாயிற்று, வியாழக்கிழமை முட்டை வெளிவருகிறது என்றால் அந்த மாதமே கர்ப்பம் நிற்கலாம். இடையில் உறவு இருந்திருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளி வைப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை.

உள்ளே நடப்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மேஜையில் படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். வாத்தின் அலகு போன்ற ஒரு கருவியைப் பிறப்புறுப்பில் நுழைத்து மெல்ல விரித்து, விளக்கைத் திருப்பிக் கர்ப்பப்பையின் வாயைப் பார்ப்பார்கள். அங்கே இரண்டு மெல்லிய நூல்கள் தொங்கிக்கொண்டிருக்கும். நீண்ட இடுக்கியால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு “இருமுங்கம்மா” என்பார்கள், அல்லது மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். அந்த நேரத்தில் நூலைச் சீராக இழுப்பார்கள். கருவியின் இரண்டு கைகளும் மேல்நோக்கி மடங்கி வெளியே வந்துவிடும். அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு பிடிப்பு தெரியும், சில நொடிதான். போட்டபோது பட்ட வலியை நினைத்துக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர், எடுப்பது அதைவிட லேசாக இருந்தது என்றுதான் சொல்கிறார்கள். மயக்க மருந்து தேவைப்படாது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சிலருக்கு அந்த நேரத்தில் தலை சுற்றும், வியர்க்கும். பத்து நிமிடம் படுத்திருந்தால் சரியாகிவிடும்.

வெளியே வந்த கருவியைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கைகளும் உடையாமல் முழுதாக இருக்கின்றனவா என்று மருத்துவரும் பார்ப்பார், நீங்களும் பாருங்கள். அன்றைய தேதியை அட்டையிலோ சீட்டிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடுப்பதற்குக் கணவரின் கையெழுத்து வேண்டும், மாமியார் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்கள் உடம்பு, உங்கள் ஒப்புதல் போதும். காலம் முடியும் முன்பே எடுக்க விரும்பினாலும் அது உங்கள் உரிமை. “இன்னும் ரெண்டு வருசம் இருக்கே” என்று மருத்துவமனையில் எடுத்துச் சொல்லலாம், ஆனால் மறுக்கக் கூடாது.

சிலருக்கு நூல் கண்ணில் படாது. உள்ளே சுருண்டு போயிருக்கும், அல்லது போட்டபோதே மிகவும் கட்டையாக வெட்டியிருப்பார்கள். அப்போது ஸ்கேன் எடுத்துக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். பல நேரம் சிறிய தூரிகை போன்ற ஒன்றால் நூலைக் கீழே கொண்டுவந்துவிடலாம். முடியாவிட்டால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ அனுப்பக்கூடும். அங்கே கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய்க் கேமரா செலுத்திப் பார்த்து எடுப்பார்கள். அதற்கு மட்டும் மயக்க மருந்து தேவைப்படலாம். நூல் தட்டுப்படுகிறதே என்று வீட்டிலேயே இழுத்துப் பார்ப்பது ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள்.

முதல் சில நாட்களும் முதல் தீட்டும்

எடுத்த அன்றே பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம், வேலை பார்க்கலாம், குளிக்கலாம், எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் கிடையாது. அன்றும் அதற்கடுத்த ஓரிரு நாளும் தீட்டு வலி மாதிரி அடிவயிற்றில் இழுக்கும். வழக்கமாக நீங்கள் போடும் பாரசிட்டமால் போதும். சில நாட்களுக்கு ரத்தம் திட்டுத் திட்டாகப் படும், நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் சட்டென்று நின்றதால் சிலருக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே சின்னத் தீட்டு போல வந்து போவதும் உண்டு.

ரத்தத்தில் கலந்திருக்கும் ஹார்மோன் மிகக் குறைவு. அது சில நாட்களில் உடம்பை விட்டு வெளியேறிவிடும். உட்புறப் படலம் மறுபடி வளரத் தொடங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் முதல் தீட்டு வரும். அது லேசாக இருக்கலாம், இரண்டே நாளில் நின்றும் போகலாம். அடுத்தது நாற்பது நாள் கழித்து வரலாம். மூன்று மாதம் வரை இந்த ஒழுங்கின்மை இயல்பே. வீட்டில் தொங்கும் மாதக் காலண்டரில் தீட்டு வந்த நாளையும் நின்ற நாளையும் பேனாவால் வட்டமிட்டு வாருங்கள். பிறகு மருத்துவரிடம் போக நேர்ந்தால், “சரியா வரலை டாக்டரம்மா” என்று சொல்வதைவிட அந்தக் காலண்டர் தாள் பத்து மடங்கு உதவும்.

முட்டை வெளிவரும் நாட்களில் மாத நடுவே லேசான வலி, தீட்டுக்கு முன் மார்பு கனப்பது, எரிச்சல் வருவது, முகத்தில் பரு, வெள்ளைப்படுவது கூடுதலாகத் தெரிவது எல்லாம் மறுபடி தலைகாட்டலாம். கருவி போடுவதற்கு முன் அவை உங்களுக்கு இருந்தவைதான், இடையில் மறந்திருப்பீர்கள்.

மனநிலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடுத்த சில வாரங்களுக்கு அழுகை அழுகையாக வருகிறது, பதற்றமாக இருக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது, முடி கொட்டுகிறது என்று உலகம் முழுவதும் பல பெண்கள் சொல்கிறார்கள். ‘மிரீனா சரிவு’ என்று இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். இப்படி ஒரு நோய் இருப்பதாக மருத்துவ ஆய்வுகள் இதுவரை நிறுவவில்லை. ஆய்வு நிறுவவில்லை என்பதற்காக அந்தப் பெண்கள் சொல்வது பொய் ஆகிவிடாது. உங்களுக்கு அப்படி இருந்தால் வெளியே சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தானாக அடங்கவில்லை என்றால் தைராய்டும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் நம் ஊர்ப் பெண்களிடம் பெரும்பாலும் அவைதான் காரணம். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கென்று சிகிச்சை இருக்கிறது. எல்லாப் பழியையும் கருவி மேல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

எடை குறையுமா என்றும் கேட்கிறார்கள். எடுத்ததாலேயே குறையும் என்று சொல்ல முடியாது.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு, வேண்டாம் என்பவர்களுக்கு

கருவி எடுத்த நாளிலிருந்தே கர்ப்பம் நிற்கலாம். முதல் தீட்டு வருவதற்கு முன்பே நிற்கலாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம், “நாலஞ்சு வருசம் மருந்து உள்ள இருந்துச்சே, உடம்பு சரியாக ஆறு மாசம் ஆகும்” என்ற எண்ணம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்த நினைப்பில் பாதுகாப்பில்லாமல் இருந்துவிட்டு, நாள் தள்ளிப்போன பிறகு தவிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு முட்டை உண்டாவது நிற்கவே இல்லை என்று மேலே சொன்னேன். வாசலில் இருந்த தடையும் இப்போது இல்லை.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இதே செய்தி மகிழ்ச்சியானது. குழந்தைக்காகவே கருவியை எடுத்த பெண்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் ஒரு வருடத்துக்குள் கருத்தரித்திருக்கிறார்கள். எதுவும் போடாதவர்களின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். உடம்பைச் ‘சுத்தம்’ செய்துகொள்ள இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு எதுவும் இல்லை. எடுக்க முடிவு செய்யும்போதே ஃபோலிக் அமில மாத்திரை, நாளுக்கு 400 மைக்ரோகிராம், தொடங்கிவிடுங்கள். சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

கருவி மலட்டுத்தன்மை தராது. ஆனால் வயது நகர்ந்திருக்கிறது. முப்பத்துமூன்றில் போட்டவர் முப்பத்தெட்டில் எடுக்கிறார் என்றால், இடைப்பட்ட ஐந்தாண்டில் கருத்தரிக்கும் வாய்ப்பு இயற்கையாகவே குறைந்திருக்கும். முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருடம் பார்க்கலாம். அதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டாம் மாதமே “ஏதும் விசேஷம் இருக்கா?” என்று கேட்கத் தொடங்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்வியால் யாருக்கும் கரு தங்கியதில்லை. கேட்காமல் இருங்கள்.

வேண்டாம் என்பவர்கள், எடுக்கும் அன்றே அடுத்தது என்ன என்று முடிவு செய்துகொண்டு போங்கள். ஒன்றை எடுத்த கையோடு புதியதைப் போட்டுவிடலாம். ஒரே வலியோடு முடியும். அரசு மருத்துவமனைகளில் காப்பர்-டி, ஆணுறை, மாலா-என் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை ஆகியவை தேசியக் குடும்பநலத் திட்டத்தில் இலவசம். உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டாலே எது எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிடுவார். தமிழ்நாட்டில் கருத்தடை என்றால் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் பெண்ணுக்கான அறுவைச் சிகிச்சைதான். ஆணுக்கான அறுவைச் சிகிச்சை அதைவிட எளிது, சில நிமிட வேலை. இவ்வளவு காலம் பெண் சுமந்தாயிற்று, இந்த முறை கணவர் செய்துகொள்ளலாமே என்று தயங்காமல் கேளுங்கள்.

போட்ட காரணம் திரும்பி வரும்போது

கருத்தடைக்காக மட்டும் போட்டவர்களுக்குக் கதை இதோடு முடிந்தது. அதிக ரத்தப்போக்குக்காகப் போட்டவர்களுக்கு முடியவில்லை. நம் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளில் இந்தக் கருவி அதிகம் பயன்படுவது இந்தக் காரணத்துக்காகத்தான்.

கருவி ரத்தப்போக்கை அடக்கி வைத்திருந்தது, அதன் காரணத்தை அகற்றவில்லை. கர்ப்பப்பைச் சுவர் தடித்துப் போன அடினோமயோசிஸ், நார்க்கட்டி, கருப்பையின் உட்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் எது இருந்தாலும், எடுத்த சில மாதங்களில் பழைய ரத்தப்போக்கும் வலியும் திரும்ப வாய்ப்பு மிக அதிகம். சிலருக்கு இடையில் கட்டியும் வளர்ந்திருக்கும். ஐந்து வருடம் நிம்மதியாக இருந்த பெண்ணுக்கு அந்தப் பழைய நாட்கள் மறந்தே போயிருக்கும். திடீரென்று பள்ளிக்கூட வகுப்பிலோ கல்யாண வீட்டிலோ புடவை நனையும்போது, கருவியை எடுத்ததால் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்துபோகிறார்கள். கெடவில்லை. மறைந்திருந்தது வெளியே வருகிறது.

எவ்வளவு போனால் அதிகம்? ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால் அதிகம். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகளாக விழுந்தால் அதிகம். இரவில் எழுந்து துணி மாற்ற நேர்ந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் அதிகம். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. “பொம்பளைன்னா அப்படித்தான்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படித் திரும்பினால் என்ன செய்வது? தீட்டு நாட்களில் மட்டும் போடும் மாத்திரைகள் உண்டு, ஹார்மோன் மாத்திரைகள் உண்டு, இன்னொரு கருவி போடலாம், கட்டியை மட்டும் எடுக்கலாம். கர்ப்பப்பையை எடுப்பது கடைசி வழி. ஆனால் நம் ஊர்களில் அது முதல் பேச்சாகவே வந்துவிடுகிறது. “புள்ள பெத்தாச்சு, இனி அது எதுக்கு?” என்று சொல்லிவிடுகிறார்கள். நாற்பது வயதில் கர்ப்பப்பையை, சில நேரம் அதோடு சேர்த்து முட்டைப்பைகளையும் எடுத்துவிட்டால், எலும்பு தேய்வதும் இதய நோயும் சீக்கிரம் வரக்கூடும். கருவி உங்களுக்கு ஐந்து வருடம் வேலை செய்தது என்றால், இரண்டாவது கருவியும் செய்யும் என்று எதிர்பார்க்கலாம். இன்னொரு கருவி போடலாமா என்ற கேள்வியை நீங்களே எழுப்புங்கள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

உட்படலம் அளவுக்கு மீறித் தடித்ததற்காக, அதாவது ஹைப்பர்பிளாசியா என்று சீட்டில் எழுதியதற்காகக் கருவி போட்டவர்கள் தாங்களாக முடிவெடுத்து எடுத்துவிடக் கூடாது. அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்து, சரியாகிவிட்டது என்று உறுதி செய்த பிறகே எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் பரிசோதனை தொடர வேண்டும்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு

கருவியால் தீட்டு நின்றிருக்கும் பெண்ணுக்கு, இயற்கையாகவே தீட்டு நிற்கும் வயது வந்துவிட்டதா என்று வெளியே தெரியாது. இந்தியப் பெண்களுக்கு அது நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. கருவியை எடுத்த பிறகு தீட்டே வராமல் உடம்பில் திடீர் வெக்கை, இரவில் வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கினால் அது கருவியின் கோளாறாக இருக்காது. மாதவிலக்கு நிற்கும் காலம் வந்துவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். தீட்டு நின்றுவிட்டதே என்று கருவியை அப்படியே உள்ளே விட்டு மறந்துவிடவும் கூடாது. காலம் முடிந்த கருவி வருடக்கணக்கில் கிடந்தால் கிருமித்தொற்றுக்கு இடம் கொடுக்கும். சில வாரம் தாமதமானால் பரவாயில்லை, பத்து வருடம் பாக்கி வைக்கக் கூடாது.

தீட்டு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். இதில் தாமதிக்கவே கூடாது.

நம் அம்மாக்களும் அத்தைகளும் இந்தக் கருவிகள் எதற்கும் ஏன் இவ்வளவு பயந்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 1965-ல் அரசு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ‘லூப்’ என்ற பழைய கருவியைப் போடத் தொடங்கியபோது, போட்டதோடு சரி, பிறகு ரத்தப்போக்கு என்று வந்த பெண்களைக் கவனிக்கப் போதுமான ஆளில்லை. அந்தக் கசப்பு இரண்டு தலைமுறை தாண்டியும் வீடுகளில் தங்கியிருக்கிறது. அவர்கள் சொன்னது வெறும் மூடநம்பிக்கை அல்ல. பின்தொடர்ந்து கவனிக்காத சிகிச்சையைப் பற்றிய அனுபவம் அது. போடும்போது காட்டும் அக்கறையை எடுத்த பிறகும் காட்ட வேண்டும் என்று மருத்துவமனைகளிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது.

எப்போது ஓட வேண்டும்?

எடுத்த பிறகு காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மாத்திரைக்கு அடங்காமல் கூடிக்கொண்டே போகும் அடிவயிற்று வலி வந்தால் தொற்றாக இருக்கலாம், அன்றே போய்க் காட்டுங்கள். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தால் காத்திருக்காதீர்கள். நாள் தள்ளிப்போய், ஒரு பக்கமாக வயிற்று வலியும் தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழையுங்கள்.

ஆறு வாரம் தாண்டியும் தீட்டு வரவில்லை என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் அட்டையில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். கர்ப்பம் இல்லை என்று வந்தால் பதற வேண்டாம், இன்னும் சில வாரம் பொறுக்கலாம். மூன்று மாதம் முடிந்தும் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். அது தைராய்டாகவோ, நீர்க்கட்டியாகவோ, வயதாகவோ இருக்கலாம். போவதற்கு முன் யாரிடமாவது கேட்டுத் தெளிவு பெற நினைத்தால், தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.